முன்மொழிய இருவர் வேண்டுமாம்

போதைநோய் மனநல மருத்துவர் சங்கத்தின் செயற்குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய உறுப்பினர் படிவம் நான்கு வாரமாக என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது. முதல் பக்கத்தை அன்றைக்கே நிரப்பிவிட்டேன். இரண்டாம் பக்கத்தில்தான் பேனா நின்றுவிட்டது. “தற்போது உறுப்பினராக உள்ள இருவர் முன்மொழிய வேண்டும்” என்று போட்டிருக்கிறீர்கள். கெடா மாநிலத்துப் பீடோங்கில் உட்கார்ந்துகொண்டு உங்கள் உறுப்பினர் இருவரை நான் எங்கே போய்த் தேடுவது? அப்படி இருவரைத் தெரிந்திருந்தால் சங்கத்தில் சேரவேண்டிய தேவையே பாதி குறைந்திருக்கும்.

இதைத் தனிக் கடிதமாகவே எழுதியிருக்கலாம். ஆனால் சேரலாமா வேண்டாமா என்ற இதே யோசனையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் மருத்துவர்களே இல்லை. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்.

உங்கள் துண்டுப்பிரசுரம் சொல்லும் சலுகைகளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். தொழிற்சான்றிதழைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 20 தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும், சரி. அதை இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டிலிருந்தே இணையத்தில் சேர்த்துவிடலாம். மாநாட்டுக் கட்டணத்தில் கழிவு என்கிறீர்கள். போன வருடத்து நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன், முக்கால்வாசி அமர்வுகள் ஞாயிற்றுக்கிழமை. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு எங்களுக்கு வாரத்தின் முதல் வேலை நாள், கிளினிக்கில் கூட்டம் அன்றைக்குத்தான் அதிகம். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்துகளைப் பற்றி என்ன சொல்ல? இங்கே எல்லாருக்கும் நான் வெறும் ‘டாக்டரம்மா’தான்.

எனக்கு வேண்டியது வேறு. போன ஆண்டு நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். ஊசியில் ஹெராயின் போட்டவர், பத்து வருடமாக அதற்கு மாற்று மருந்தான மெத்தடோனில் இருக்கிறார். தினம் 70 மில்லிகிராம். காலை எட்டரைக்கு மோட்டாரில் வருவார். மருந்தக ஜன்னலில் நின்று பிளாஸ்டிக் கோப்பையில் இருப்பதைக் குடிப்பார், மேலே ஒரு மடக்குத் தண்ணீர், அப்புறம் வாயைத் திறந்து காட்டுவார். “வரேன்மா” என்று சொல்லிவிட்டு லோரிப் பட்டறைக்கு வேலைக்குப் போய்விடுவார். ஒரு நாள் “மருந்து நிக்கல டாக்டர்” என்று வந்தார். மத்தியானத்துக்கே மேலெல்லாம் வலி, ஓயாத கொட்டாவி, ராத்திரி தூக்கமில்லை. எங்கள் ஆட்களில் ஒருவர், “அளவைக் கூட்டச் சொல்றான், வெளியில விக்கிறதுக்கு” என்றார். ஒத்துக்கொள்கிறேன், நானும் பாதி நம்பினேன். சிறுநீர்ச் சோதனைக்கு எழுதினேன். சுத்தமாக வந்தது.

மூன்றாவது முறை வந்தபோது கையை நீட்டச் சொன்னேன். மயிர்க்கால்கள் உரித்த கோழியின் தோல்போல எழும்பி நின்றன. வெயில் நேரத்திலும் கண்மணிகள் அகன்று கிடந்தன. இதையெல்லாம் யாராலும் நடிக்க முடியாது. பையில் இருக்கும் மருந்தையெல்லாம் மேசையில் கொட்டச் சொன்னேன். காசநோய் மாத்திரைகள். மூன்று வாரத்துக்கு முன்னால் வேறோர் இடத்தில் ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் ரிஃபாம்பிசின் இருக்கிறது. அது கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடும், மெத்தடோன் வழக்கத்தைவிட வேகமாக உடம்பிலிருந்து கழிந்துபோகும். பரீட்சைக்குப் படித்ததுதான். ஆனால் பரீட்சையில் நோயாளி எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடுவதில்லையே. எவ்வளவு கூட்டுவது? ஒரே வேளையாகவா, காலை மாலை என்று பிரித்தா? ஆறு மாதம் கழித்துக் காசநோய் மருந்து முடியும்போது எந்த வேகத்தில் இறக்குவது? இறக்க மறந்தால் இன்று அவரைக் காப்பாற்றும் அதே அளவு அன்று மூச்சை நிறுத்திவிடும்.

மாலை நாலரை மணிக்கு இதை யாரிடம் கேட்பது? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பயிற்சி எடுத்த தோழி ஒருத்தியை வாட்ஸ்அப்பில் பிடித்தேன். அங்கே மணி இரண்டு, சாப்பாட்டுக் கையோடு பதில் சொன்னாள். அவள் சொன்னபடி படிப்படியாகக் கூட்டினோம், பின்னால் படிப்படியாக இறக்கினோம். அவர் இப்போது பழைய 70-க்கே வந்துவிட்டார். என் சந்தேகத்தால் அவர் பத்து நாள் வீணாக வாதைப்பட்டது மட்டும் என் கணக்கில் நிற்கிறது.

வாரத்தில் ஐந்து நாள், மாலையில் இரண்டு மணி நேரம், அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் போனை எடுப்பார் என்று சொல்லுங்கள். சஞ்சிகை, கழுத்துப்பட்டை, ஆண்டுவிழா விருந்து எதுவும் வேண்டாம்.

அடுத்தது உங்கள் சட்டவிதி. மனநல மருத்துவருக்கு மட்டுமே முழு உறுப்பினர் தகுதி. மற்றவர்கள் இணை உறுப்பினர், அவர்களுக்கு வாக்கு கிடையாது. அமெரிக்காவில் 1954-லேயே எல்லா மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டு மதுநோய்க்கான ஒரு சங்கம் தொடங்கியது. மனநல மருத்துவர்கள் தங்களுக்கென்று தனியாக ஒன்றை 1985-இல் தொடங்கிக்கொண்டார்கள். அவர்கள் நாட்டில் அதற்கு ஆள் இருக்கிறது. நம் மலேசியாவில் 2005 அக்டோபரில் மெத்தடோன் திட்டம் தொடங்கியதிலிருந்து அதைத் தோளில் சுமப்பவர்கள் பெரும்பாலும் சுகாதார கிளினிக்கின் குடும்ப மருத்துவ நிபுணரும் மருத்துவ அதிகாரியும் மருந்தாளரும்தான். நான் சொன்ன அந்த நோயாளியின் முகத்தைத் தினமும் பார்ப்பவர் மருந்தக ஜன்னலுக்கு உள்ளே நிற்கும் மருந்தாளர், நான் மாதத்துக்கு ஒரு முறை. அவருக்கு வாக்கில்லாத சங்கத்தில் எனக்கு எதற்கு வாக்கு? மனநலப் பயிற்சி வேறு என்பீர்கள். வேறுதான். மனச்சிதைவும் ஷாபு எனும் மெத்தாம்ஃபெட்டமினும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் எங்கள் படிப்பு வேண்டும், மறுக்கவில்லை. அதற்காக வாசலிலேயே தரம் பிரிக்க வேண்டுமா?

இந்த ஊருக்குச் சங்கம் கட்டுவது புதிதல்ல. தோட்ட நிர்வாகமே கள்ளுக்கடை நடத்திய காலம் அது. கூலி கொடுத்த கையே சாயங்காலம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களின் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. 1947-இல் இங்கே பக்கத்திலிருக்கும் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. பீடோங்கில் போலீசோடு மோதல், உயிர்ச்சேதம். என் பாட்டிக்கு அப்போது பத்து வயது. கள் குடித்துவிட்டு வந்தவனை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நிறுத்தி வைத்து எல்லாரும் பார்த்ததைப் பெருமையாகவும் கொஞ்சம் பாவமாகவும் சொல்வார். தாத்தா அப்படி நின்றவர்களில் ஒருவரா, நிறுத்தியவர்களில் ஒருவரா என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு வங்காளதேச ஆட்கள் வந்து, நம்மவர்கள் வீடமைப்புத் தாமானுக்கும் மலிவு அடுக்குமாடிக்கும் குடிபோன பிறகும் குடிப்பவனை முதலில் அழைத்துப் போகும் இடம் கோயில்தான். கோயிலை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு தைப்பூசத்துக்கு முன்னாலும் எங்கள் அவசரப் பிரிவுக்கு ஒரு வகை நோயாளி வருவார், செயற்குழுவில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ தெரியாது. தினம் சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடித்தவர் காவடி எடுக்க விரதம் தொடங்கி, ஒரே நாளில் மொத்தத்தையும் நிறுத்தியிருப்பார். அடுத்த நாள் கை நடுங்கும், சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடுவார். வீட்டில் சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசிக்கொண்டிருப்பார்கள். அது மதுவிலகல் நோய், கவனிக்காவிட்டால் சாவு வரை போகும். இவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயாமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வருடமும் புதுப் பயிற்சி மருத்துவர்களுக்கு நானே சொல்ல வேண்டியிருக்கிறது. “தினம் குடிப்பவரா? விரதம் தொடங்குவதற்கு முன் கிளினிக்குக்கு வாருங்கள், மெதுவாக நிறுத்தலாம்” என்று ஒரு பக்க அறிவிப்பைத் தமிழில் அச்சடித்து மார்கழியிலேயே கோயில்களுக்கு அனுப்ப ஒரு சங்கத்தால் முடியும். நான் தனியாக இரண்டு கோயிலுக்குக் கொடுத்தேன். ஒன்றில் ஒட்டினார்கள். இன்னொன்றில் “கோயில்ல குடியைப் பத்தி எப்படிம்மா ஒட்டுறது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சங்கத்தின் கடிதத்தாள் இருந்திருந்தால் வாங்கியிருப்பார்கள்.

தமிழ் என்றதும் இன்னொன்று. நம் எல்லாரிடமும் இருக்கும் பத்துக் கேள்வி மதுச் சோதனைத் தாள் ‘ஓர் அளவு’ என்பதை 10 கிராம் சுத்த ஆல்கஹாலாகக் கணக்கிடுகிறது. “எத்தனை?” என்று கேட்டால் எங்கள் ஆள் “ஒன்னே ஒன்னுதான் டாக்டர்” என்பார். பொய்யில்லை. அந்த ஒன்று ஒரு சம்சு போத்தல், 150 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 37 சதவீதம் என்று அச்சடித்திருந்தால் உள்ளே ஏறக்குறைய 44 கிராம், அதாவது நான்கு அளவுக்கும் மேலே. தாளில் ஒன்று என்று குறித்துவிட்டு அவரை ஆபத்தில்லாதவர் பட்டியலில் போட்டு அனுப்பிவிடுகிறோம். போத்தலின் படம் போட்ட ஓர் அட்டை இருந்தால் இந்தத் தவறு நடக்காது. அட்டையில் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும் கெத்தும் தண்ணியையும் (கெத்தும் இலையைக் காய்ச்சிய போதைநீர்) சேர்க்க வேண்டும், இந்தப் பக்கத்தில் அது இல்லாமல் ஒரு நோயாளியின் போதைப் பழக்கத்தை எழுதி முடிக்க முடியாது. வரைந்து தர நான் தயார், கையெழுத்துதான் கொஞ்சம் மோசம்.

பணம் பற்றி ஒரே ஒரு கேள்வி: மாநாட்டுச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை உறுப்பினர்களுக்குக் கணக்கோடு காட்டுவீர்களா? மற்றபடி சந்தாவைப் பற்றி எனக்குக் குறையில்லை, என் மோட்டார் இன்சூரன்சைவிடக் குறைவுதான்.

யோசித்துப் பார்த்தேன். வெளியே நின்று இதையெல்லாம் கேட்டால் நீங்கள் கோப்பில் போட்டுவிடுவீர்கள், உள்ளே வந்து கேட்டால் கூட்டக் குறிப்பிலாவது ஏறும். அதனால் ஒரு வருடத்துக்குச் சேருகிறேன். போன் எடுக்க ஆள் பட்டியல் போட்டால் வடக்கு வட்டாரத்துக்குச் செவ்வாய்க்கிழமை மாலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மருந்தாளர்களுக்கு வாக்குரிமை கேட்டு முதல் பொதுக்கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவருவேன், இப்போதே சொல்லிவைக்கிறேன். கூட்டத்தை மட்டும் சனிக்கிழமை வையுங்கள்.

இனி அந்த இரண்டாம் பக்கம். தைப்பிங்குக்கு வடக்கே உங்கள் உறுப்பினர் யார் யார் என்று அனுப்புங்கள். அல்லது அவர்களையே இங்கே வரச் சொல்லுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மெத்தடோன் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், அதற்கு முன்னால் வந்தால் நின்று பார்க்கலாம். அப்புறம் எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடலாம். பேனா நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பீடோங்கில் குடியிருக்கும் ஒரு மனநல மருத்துவர்
(அரசாங்க ஊழியர் என்பதால் இங்கே பெயர் போடவில்லை. படிவத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.)