பூ பூத்ததும் தோண்டிவிடாதே, செல்வி

ஊட்டி,
ஜனவரி 28

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் பொங்கல் முடிந்து வந்தது. முழங்கால் வலி குறைந்து தோட்டத்தில் குனிந்து வேலை செய்கிறாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். உறைபனிதான் படுத்துகிறது. பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் உருளைக்கிழங்குத் தழை ஒரே இரவில் கருகிப்போனதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஓசூரில் உனக்கு அந்தப் பயம் இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உருளைக்கிழங்குச் செடியில் பூ வந்துவிட்டது, தோண்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். பூ வந்தால் அடியில் கிழங்கு பிடித்திருக்கிறது என்று அர்த்தம், முற்றிவிட்டது என்று இல்லை. சில ரகங்கள் பூக்காமலே நல்ல கிழங்கு தரும், அதனால் பூவை நம்பி நாள் குறிக்க முடியாது. பூவுக்குப் பிறகு பச்சைத் தக்காளி மாதிரி காய் வந்தால் பேரன் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள். அது விஷம்.

நீ பார்க்க வேண்டியது தழையைத்தான். முதலில் அடியிலை மஞ்சளாகும், பிறகு மேலே ஏறும், கடைசியில் தண்டு சாயும். இலையில் இருக்கும் சத்தெல்லாம் கிழங்குக்கு இறங்குகிற நேரம் இது. இப்போது அவசரப்பட்டால் எடையில் நஷ்டம். நவம்பர் முதல் வாரம் ஊன்றியதாக எழுதியிருந்தாய். சமவெளியில் பெரும்பாலான ரகங்களுக்கு 90 முதல் 100 நாள் ஆகும் என்பதால் பிப்ரவரி நடுவில் எதிர்பார்க்கலாம். எங்கள் மலையில் குளிரால் 120 நாள்கூட இழுக்கும்.

எல்லா மஞ்சளும் முற்றிய மஞ்சள் அல்ல. இலையில் ஈரம் பட்டதுபோல் கரும்பழுப்புத் திட்டு வந்து, காலையில் இலையைத் திருப்பினால் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் அது கருகல் நோய். சில நாளில் பாத்தியையே தின்றுவிடும். அப்போது காத்திருக்காதே. தழையை அடியோடு அறுத்து அப்புறப்படுத்து, இல்லாவிட்டால் அந்த நோய் மண் வழியாகக் கிழங்குக்கு இறங்கிவிடும்.

நோய் இல்லாமல் பாதிக்கு மேல் மஞ்சளாகிவிட்டால் தண்ணீரை நிறுத்து. ஒரு வாரம் கழித்து தழையைத் தரையோடு அறுத்துவிட்டு, கிழங்கை 10 முதல் 15 நாள் மண்ணுக்குள்ளேயே விடு. இதைத்தான் பலரும் பொறுக்க மாட்டார்கள். தோல் இறுகுவது இந்த நாட்களில்தான். ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார். தோல் உரிந்து வந்தால் இன்னும் சில நாள் போகட்டும். உரியாவிட்டால் தோண்டு. ரொம்பவும் தள்ளிப்போடாதே. மார்ச்சில் உங்கள் ஊர் சூடேறிவிடும், சூடான ஈரமண்ணில் கிழங்கு அழுகும்.

அதுவரை பேரன் பொறுக்க மாட்டான், தெரியும். செடியைப் பிடுங்காமல் பக்கவாட்டில் கைவிட்டு இரண்டு மூன்று எடுத்துக்கொடு. இளங்கிழங்கைத் தோலோடு வேகவைத்து உப்பும் மிளகும் போட்டால் அந்த ருசியே தனி. ஆனால் அது அன்றன்றைக்குச் சாப்பிட மட்டும், சேமிக்க ஆகாது. எடுத்த இடத்தில் மண்ணை மறுபடி அணைத்துவிடு. வெளியே தெரியும் கிழங்கில் வெயில் பட்டால் பச்சையாகி சோலனின் என்ற நச்சு சேரும், அந்துப்பூச்சியும் முட்டையிடும். பச்சையான கிழங்கைக் குழந்தைக்குக் கொடுக்கவே கொடுக்காதே.

மழை இல்லாத நாளில், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி மண்வெட்டியைப் போடு. கழுவாமல், நிழலில், காற்றோட்டமான இருட்டு அறையில் பரப்பி வை. வெட்டுப்பட்டவற்றை முதலில் சமைத்துவிடு. ஃபிரிட்ஜில் வைக்காதே, மாவு சர்க்கரையாகி வறுத்தால் கருத்துப்போகும்.

விதைக்கிழங்கு அனுப்பச் சொல்லியிருந்தாய். மனமிருந்தும் அனுப்ப மாட்டேன். நீலகிரி மண்ணில் 1961இல் கண்டுபிடித்த, உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு இன்னும் போகவில்லை. உருளைக்கிழங்கே போடாவிட்டாலும் அதன் கூடுகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் இங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை. குஃப்ரி ஸ்வர்ணா மாதிரி எதிர்த்து நிற்கும் ரகங்கள் வந்தபிறகுதான் இங்குள்ளவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. உன் நல்ல மண்ணுக்கு நானே அந்தப் புழுவை அனுப்பினேன் என்று ஆகக்கூடாது. அங்கேயே சான்று பெற்ற விதை வாங்கிக்கொள்.

சின்னவளுக்குக் கோவையில் வேலை கிடைத்திருக்கிறது. மார்ச்சில் அவளைக் கொண்டுவிட்டுவிட்டு அப்படியே உன் வீட்டுக்கு வருகிறேன். கேரட்டும் பூண்டும் கழுவிச் சுத்தமாக எடுத்து வருகிறேன். தோல் தேய்த்துப் பார்த்தது எப்படி இருந்தது என்று அதற்குள் ஒரு வரி எழுது.

அன்புடன்,
கமலா