பத்தாம் வசனத்தையும் போடுங்கள்

கர்த்தருக்குள் அன்பான ஆசிரியருக்கு,

ஸ்தோத்திரம். வசனத்தை ஒப்பிப்பது கிறிஸ்தவம் அல்ல, ஆண்டவரோடு நேரடியாக உறவாடுவதுதான் கிறிஸ்தவம் என்று சென்ற இதழில் ஒரு சகோதரர் எழுதியிருந்தார். இங்கே குன்னூரில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அதைப் பற்றித்தான் பேச்சு. முதல் பக்கம் வரை நானும் ஆமென்தான். இரண்டாம் பக்கத்தில், "வேதம் ஒரு கடிதம், ஆளே வீட்டுக்கு வந்த பிறகு கடிதம் எதற்கு?" என்று கேட்டிருந்தார். அங்கேதான் நெருடியது.

என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பந்தலூர் பக்கம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் குடியேறினோம். காலையில் அப்பாயி பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்புமுன், அடுப்பில் சாயத்தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள், நான் ஒரு அதிகாரம் வாசித்தாக வேண்டும். தப்பாக வாசித்தால் முதுகில் ஒரு தட்டு விழும். எழுத்தே தெரியாதவளுக்கு என் தப்பு எப்படித் தெரிந்தது? அத்தனையும் காதால் கேட்டே மனசில் ஏற்றி வைத்திருந்தாள். எம்மாவு ஊருக்குப் போகிற இரண்டு சீஷர்கள் கதை வந்தால், "நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்வாள். நாள் பூராவும் கொழுந்து பறிக்கிறவளுக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்டிருக்கிறது. "நம்ம கொழுந்து வேதத்துலயே இருக்குடி" என்பாள். (பக்கத்து வீட்டு ஆர்.சி. அக்காவின் திருவிவிலியத்தில் "உள்ளம் பற்றி எரியவில்லையா" என்று இருக்கிறது. பொருள் ஒன்றுதான். அப்பாயி ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.)

அவள் ஆண்டவரோடு சண்டை போடுவாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தனியாக முணுமுணுப்பாள். சகோதரர் சொல்கிற உறவு அவளிடம் குறைவில்லாமல் இருந்தது. ஆனால் அந்தச் சண்டைக்கு வார்த்தை கொடுத்தது சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சங்கீதக்காரன் கேட்டதை, பந்தலூர் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று அவள் கேட்டாள்.

அதே எம்மாவு கதையைச் சகோதரர் இன்னொரு தடவை வாசிக்க வேண்டும். அங்கே உயிர்த்தெழுந்த இயேசு ஆளாகவே வந்துவிட்டார், சீஷர்களுக்கு அடையாளம் தெரியாமல் கூடவே நடக்கிறார். "நான்தான், பாருங்கள்" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. மோசே தொடங்கி எல்லாத் தீர்க்கதரிசிகளையும் எடுத்து வழி நெடுக விளக்குகிறார். சீஷர்களின் கண் திறந்தது பிற்பாடு, அப்பம் பிட்கும்போது. ஆனால் இருதயம் எரிந்தது எப்போது என்று அவர்களே சொல்கிறார்கள்: வேதவாக்கியங்களை விளக்கினபொழுது. ஆள் வந்த பிறகும் கடிதத்தைப் பிரித்து வாசித்துக் காட்டியவர் அந்த ஆளேதான்.

இனி என் சொந்தக் கதை. அப்பா வாங்கிப் போட்ட 20 சென்ட் தேயிலை விஷயத்தில் சில வருஷங்களுக்கு முன் எனக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது. நாற்பது நாள் உபவாசித்து ஜெபித்தேன். முடிவில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதுதான் சரி என்று மனசில் அவ்வளவு சமாதானம். ஜெபக்குழுவில் ஒரு சகோதரி, "ஒரு வாசல் திறக்கிறதைப் பார்க்கிறேன்" என்று வேறு சொல்லிவிட்டார். நோட்டீஸ் டைப் ஆகி என் கைப்பைக்குள் இருந்தது.

அந்த ஞாயிறு ஆராதனையில் சுவிசேஷ பாடம் வாசிக்கிற முறை என்னுடையது. சபைக் காலண்டரில் போட்டிருந்தது மத்தேயு ஐந்தாம் அதிகாரம். நான் தேர்ந்தெடுத்ததல்ல, போதகர் தேர்ந்தெடுத்ததும் அல்ல. மூன்றாம் பெஞ்சில் தம்பி பெண்சாதி உட்கார்ந்திருந்தாள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்பது வரை வாசித்துவிட்டேன். ஞாயிறு பள்ளி நாளிலிருந்து மனப்பாடமான வசனம். ஆனால் இத்தனை வருஷமும் "உனக்கு உன் சகோதரன்பேரில் குறை" என்றே என் காது கேட்டிருக்கிறது. என் குறை எவ்வளவு நியாயமானது என்பதைப் பற்றி அங்கே ஒரு எழுத்துக்கூட இல்லை. என்மேல் அவனுக்கு என்ன குறை என்பதுதான் கேள்வி. கண்ணாடி மூக்கில் வழுக்கியது. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்கிற அடுத்த வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டேன்.

அந்த நாற்பது நாளில் என் ஆண்டவர் என்னிடம் சொன்னது ஒவ்வொன்றும் நான் கேட்க ஆசைப்பட்டதாகவே இருந்தது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். என் புருஷன் என்னை மறுத்துப் பேசாத நாளே கிடையாது. அதனால்தான் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்றே தெரிகிறது. ஒரு தடவைகூட என்னை மறுக்காத ஆண்டவரோடு நான் நடத்தியது உறவா, என்னோடு நானே பேசியதா? கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருஷம் கணக்கு எழுதியவள் நான். வவுச்சர் இல்லாத செலவை யார் சொன்னாலும் பதிய மாட்டேன். "கர்த்தர் சொன்னார்" என்பதை மட்டும் யார் சொன்னாலும் அப்படியே பதிந்துகொண்டிருந்தேன். பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள்.

நோட்டீஸ் என்னாயிற்று என்று கேட்பீர்கள். கிழிக்கவில்லை, அனுப்பவும் இல்லை. தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் கேட்ட சில கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. நிலக்கணக்கு இன்னும் முடியவில்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் மட்டும் இரண்டு பக்கமும் போய் வருகிறது.

உறவு என்று பேசுகிறவர்களுக்கு வேதம் இரண்டாம் பட்சம் என்பதும் சரித்திரத்தில் நிற்கவில்லை. தலையில் உபதேசம் இருந்தால் போதாது, இருதயம் மாற வேண்டும் என்று ஜெர்மனியில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் லுத்தரன் சபைக்குள் குரல் கொடுத்தவர்கள் பக்தி இயக்கத்தார். ஹாலே நகரத்து அந்தப் பாசறையிலிருந்துதான் மிஷனரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அனுபவம் போதும் என்று சாட்சி சொல்லிவிட்டு ஊர் திரும்பவில்லை. சிறுபிள்ளைகளோடு மணலில் எழுத்துப் பழகி, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715-க்குள் அச்சில் ஏற்றினார். 1846-ல் எங்கள் மலையில் கேத்தியில் வந்து தங்கிய, சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷனைச் சேர்ந்த மிஷனரிகளும் அதே பக்தி மரபில் வந்தவர்கள்தான். அவர்களும் முதலில் உட்கார்ந்தது மொழி படிக்க.

சகோதரரின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளையை அடக்கம் பண்ணிய மறுநாள் ஒரு பெரியவர் வந்து, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று வாசித்து, அழக்கூடாது என்று அந்தத் தாயிடம் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளைப் பறிகொடுத்து அதைச் சொன்ன யோபு, தன் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். பெரியவர் அதுவரை போகவில்லை போலிருக்கிறது. யோபின் நண்பர்கள் பக்கம் பக்கமாகச் சரியான உபதேசம் பேசியவர்கள்தான். கடைசியில் கர்த்தர், நீங்கள் பேசியது சரியில்லை, என் தாசன் யோபு பேசியதுதான் சரி என்கிறார். "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்று யோபு சொல்வதைவிடச் சகோதரருக்குத் தோதான வாக்கு வேறு கிடைக்காது. அதையும் வேதத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, இது உங்களுக்கு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் ஆளுக்கொரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைக் குவித்து வைத்து ஆளுக்கொன்று எடுக்கச் சொல்கிறோம். "வாலாக்காமல் தலையாக்குவார்" எனக்கு மூன்று தடவை வந்திருக்கிறது. "உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" இதுவரை யாருக்கும் வந்ததில்லை. வேதத்தை மடியில் வைத்துக்கொண்டே அதை நம் இஷ்டத்துக்குப் பேச வைக்கிற வழி இது.

உங்கள் ஜனவரி இதழின் அட்டையிலும் எரேமியா 29:11 பெரிய எழுத்தில் வந்திருந்தது: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அந்த அதிகாரமே பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம்தான். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று கர்த்தருடைய பேரில் சொல்கிறான். எரேமியாவின் கடிதம் எழுபது வருஷம் என்கிறது, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து லயத்து வாசலில் கீரைப் பாத்தி போட்ட அப்பாயிக்கு அது புரிந்திருக்கும். அந்த எழுபது வருஷம் இருப்பது பத்தாம் வசனத்தில். அடுத்த ஜனவரியில் பதினொன்றைப் போடுவதாக இருந்தால், பக்கத்தில் பத்தையும் போடுங்கள். எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்.