ஹார்ட்ஸ் வரலாற்றுத் தொடர் நிறைவுற்றது: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உள்ள ஹார்ட் ஆஃப் மிட்லோதியன் (சுருக்கமாக ஹார்ட்ஸ்) கால்பந்துக் கழகத்தின் வரலாற்றைத் தமிழில் தொடராக எழுதும் வேலை ஒருவழியாக முடிந்தது. தொடங்கியபோது என் கையில் இருந்தவை இரண்டு பழைய புத்தகங்களும் சில ஆட்ட நாள் மலர்களும்தான். மற்றவை எல்லாம் நீங்கள் கொடுத்தவை. தனித்தனியே கடிதம் எழுதுவதே முறை என்றாலும், பெயரைக்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போனவர்கள் உங்களில் பலர் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. ராயல் மைல் வீதியில், புனித கைல்ஸ் பேராலயத்தின் அருகே, தரையில் கற்களால் இதய வடிவம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. நான் முதன்முறை அங்கே நின்றபோது, கோட்டும் டையுமாக வந்த ஒருவர் அதன் நடுவில் துப்பிவிட்டு நடந்ததைக் கண்டு திகைத்துப்போனேன். அது 1817-இல் இடிக்கப்பட்ட பழைய சிறைச்சாலையின் இடம் என்றும், 'மிட்லோதியனின் இதயம்' என்பது அந்தச் சிறையின் பெயர் என்றும், அதன் மீதிருந்த வெறுப்பே இன்று வழக்கமாக மிஞ்சியிருக்கிறது என்றும் விளக்கியவர் அவர்தான். அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு நடன அரங்கிலிருந்து, 1874-இல் தோன்றிய கழகத்துக்குப் பெயர் வந்தது. மக்கள் காறித் துப்பிய சிறையின் பெயர், கழகத்தின் மரூன் நிறச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கதை இது.

1986 மே 3 அன்று டண்டீ நகரின் டென்ஸ் பார்க்கில் நடந்ததையும் அவரே சொன்னார். ஸ்காட்லாந்து லீக் சாம்பியன் ஆவதற்கு அன்று ஹார்ட்ஸுக்கு ஒரு டிரா போதும். ஆட்டம் முடிய ஏழு நிமிடம் இருக்கையில், டண்டீ அணிக்கு மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஆல்பர்ட் கிட் ஒரு கோல் அடித்தார். சற்று நேரத்தில் இன்னொன்று. அதே நேரத்தில் வேறோர் ஆட்டத்தில் கிளாஸ்கோ அணியான செல்டிக் 5-0 என வென்று, கோல் வித்தியாசத்தில் பட்டத்தை எடுத்துக்கொண்டது. சர்க்கரைக் கிண்ணத்தைக் கோல் கம்பமாக வைத்து முதல் கோலைக் காட்டிய பெரியவர், இரண்டாவது கோலுக்கு வரும்போது கிண்ணத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் மிகவும் கடன்பட்டிருப்பது, முதல் உலகப் போர்க்கால அத்தியாயத்தைத் திருத்திக் கொடுத்தவர்களுக்கு. 1914 நவம்பரில் லீக் பட்டியலின் தலையில் இருந்த அணியின் பதினோரு ஆட்டக்காரர்கள், அம்மாதம் 25-ஆம் தேதி, சர் ஜார்ஜ் மெக்ரே திரட்டிய ராயல் ஸ்காட்ஸ் 16-ஆவது படைப்பிரிவில் சேர முன்வந்தார்கள். அவர்களைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான ரசிகர்களும் சேர்ந்தார்கள். இராணுவப் பயிற்சியில் களைத்த உடம்போடு சனிக்கிழமை ஆட்டங்களை ஆடிய அந்த அணி, பருவத்தின் முடிவில் செல்டிக்கை விட நான்கு புள்ளி பின்தங்கி இரண்டாம் இடம் பெற்றது. போர்க்காலத்தில் உயிரிழந்த ஹார்ட்ஸ் ஆட்டக்காரர்கள் எழுவரும் மெக்ரேயின் படையில் பிரான்சின் சொம்மே போர்க்களத்தில் மடிந்தவர்கள் என்று என் முதல் வரைவில் எழுதியிருந்தேன். படிப்பதற்கு உருக்கமாகத்தான் இருந்தது, ஆனால் தவறு.

அருங்காட்சியகத் தன்னார்வலர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பென்சிலால் மூன்று பெயர்களை வட்டமிட்டார். ஜேம்ஸ் ஸ்பீடி வேறொரு படைப்பிரிவில் சேர்ந்து 1915 செப்டம்பரில் லூஸ் போரில் இறந்தவர். கோல்களைக் குவித்த டாம் கிரேசி அதே ஆண்டு அக்டோபரில் இரத்தப் புற்றுநோயால் கிளாஸ்கோ மருத்துவமனையில் காலமானவர். ஜான் ஆலன் 1917-இல் அராஸ் போரில் வீழ்ந்தவர். ஹாரி வாட்டி, டங்கன் கரி, எர்னி எல்லிஸ் ஆகிய மூவரும் 1916 ஜூலை 1 அன்று, சொம்மே போரின் முதல் நாளிலேயே மாண்டார்கள்; ஜேம்ஸ் பாய்ட் அடுத்த மாதம். அந்த வட்டங்கள் இல்லாதிருந்தால் ஏழு தனி மனிதர்களின் சாவை ஒரே வாக்கியத்தில் கட்டி மூட்டையாக்கியிருப்பேன். மைக்ரோஃபிலிம் சுருள்களை அலுக்காமல் எடுத்துத் தந்த நூலகப் பணியாளர்களுக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

1957-58 பருவத்தில் 34 ஆட்டங்களில் 132 கோல் அடித்துப் பட்டம் வென்ற அணியைப் பற்றிப் புள்ளிவிவரங்களே போதுமான அளவு பேசிவிடுகின்றன. அவற்றைச் சரிபார்த்துத் தந்த கணக்காசிரியருக்கு என் வணக்கம். 2012 மே 19 அன்று ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில் ஊர்ப் போட்டியாளரான ஹிப்ஸை 5-1 என வென்றதைப் பற்றி எழுத எனக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. கழகத்தின் மைதானம் இருக்கும் கோர்ஜி தெருவில் யாரை நிறுத்தினாலும் ஐந்து கோலையும் வரிசையாகச் சொல்வார்கள்.

அந்த வெற்றிக்கு அடுத்த ஆண்டே கழகம் கடனில் மூழ்கி, நீதிமன்ற நடைமுறைக்கு உட்பட்ட நிர்வாகிகளின் கைக்குப் போனது. 15 புள்ளிகளை இழந்து, 2014-இல் கீழ்நிலை லீக்குக்கும் இறங்கியது. தொழிலதிபர் ஆன் பட்ஜ் அம்மையார் முன்பணம் போட்டுக் கழகத்தை மீட்டதும், ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மாதந்தோறும் செலுத்திய தொகையால் 2021 ஆகஸ்டில் பெரும்பான்மைப் பங்கு ரசிகர் அமைப்பின் கைக்கு வந்ததும் செய்தித்தாள்களில் உள்ளவை. அந்த ஆண்டுகளின் வங்கிக் கணக்குத் தாள்களை என் முன் விரித்து, மாதம் பத்து பவுண்டு கழிந்த வரிகளை விரலால் தொட்டுக் காட்டிய அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வேலை போன மாதத்திலும் அந்த வரி இருந்தது.

தொடரை அச்சிட்டுச் சில பிரதிகள் வைத்திருக்கிறேன். நவம்பரில் போரில் மாண்டவர்களை நினைவுகூரும் நினைவு ஞாயிறன்று, ஹார்ட்ஸ் வீரர்களுக்காக எழுப்பப்பட்ட ஹேமார்க்கெட் மணிக்கூண்டு நினைவுச் சின்னத்தின் அருகே நானும் நிற்பேன். தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் உங்களுக்கான பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு பெயர்களும் உள்ள பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
தொடரை எழுதியவன்
எடின்பரோ