முகாமில் வாழும் இந்தியக் குடிமகன் தேர்தலில் நிற்கும் தகுதி குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
மனுதாரர் (பெயரும் முகவரியும் இணைப்பில்),
இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் மற்றும் மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்கள்.

பொருள்: 1.7.1987க்கு முன் இந்தியாவில் பிறந்த முகாம்வாசிகளை வாக்காளர் பட்டியலில் சேர்த்து, வேட்பாளராக நிற்க வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி இராமேசுவரத்தில் வந்து இறங்கியவர்கள் என் பெற்றோர். நான் 1985இல் இம்மாவட்டத்து அரசு மருத்துவமனையில் பிறந்தேன். அரசுப் பள்ளியில் படித்தேன். பெயின்ட் அடிக்கும் வேலை செய்து பிழைக்கிறேன். இலங்கையை நான் கண்ணால் கண்டதில்லை.

எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அதற்கு முதலில் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும் என்பதால், படிவம் 6ஐ நிரப்பி, பிறப்புச் சான்றிதழ் நகலோடு உரிய அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்தவர் சான்றிதழைப் பிரித்தும் பார்க்கவில்லை. முகாம் குடும்ப அட்டையை எடுத்து, அதன் தலைப்பில் விரலை வைத்து, "அந்நிய நாட்டவர் ஓட்டும் போட முடியாது, தேர்தலில் நிற்கவும் முடியாது" என்று கூறி, எல்லாத் தாள்களையும் என் பக்கமாகத் தள்ளிவிட்டார். எழுத்தில் எந்தப் பதிலும் தரவில்லை.

அவர் சொன்ன விதியை நான் மறுக்கவில்லை. நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடுபவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 84ஆம் உறுப்பும், சட்டமன்றத்துக்கு 173ஆம் உறுப்பும் கூறுகின்றன. குடிமகன் அல்லாதவரின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இடம் தரவில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட இந்திய வம்சாவளியினர்கூட, அதற்கான அட்டை வைத்திருந்தாலும், இங்கு வாக்களிக்கவோ போட்டியிடவோ முடியாது. இந்த விதி நியாயமானது. அதைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை.

நான் அந்நிய நாட்டவன் என்று எதை வைத்து முடிவு செய்யப்பட்டது என்பதே என் கேள்வி. 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பெற்றோர் எந்த நாட்டவராயினும் பிறப்பால் இந்தியக் குடிமகன் என்று 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. முகாம் அட்டை நான் எங்கே குடியிருக்கிறேன், என்ன உதவி பெறுகிறேன் என்பதைக் காட்டுமே அன்றி, பிறப்பால் வந்த குடியுரிமையைப் பறிக்காது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும், இந்தியாவில் பிறந்த பெண் ஒருவர், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடி இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஒவ்வொருவரும் நீதிமன்றப் படியேறித்தான் இதைப் பெற வேண்டுமானால், தினக்கூலிக்குப் போகும் எங்களால் இயலாது.

1989இல் பிறந்த என் தங்கைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதையும் அறிவேன். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே கூரையின் கீழ் வளர்ந்த இருவரை ஒரு தேதி இரண்டாகப் பிரித்துவிட்டது. அதை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு என்பதால் இம்மனுவில் அதைக் கோரவில்லை.

எங்கள் முகாமின் தெருக்குழாயும் தெருவிளக்கும் ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை. ஆனால் ஊராட்சி மன்றத்தில் எங்களில் ஒருவரும் இதுவரை உட்கார்ந்ததில்லை.

ஆகவே, என் படிவத்தை முறையாகப் பெற்று, பிறப்புச் சான்றிதழின் அடிப்படையில் விசாரித்து, என் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உத்தரவிடுமாறும், முகாம் அட்டை இருப்பதை மட்டுமே காரணம் காட்டி 1.7.1987க்கு முன் இங்கு பிறந்தவர்களின் விண்ணப்பங்களையோ வேட்புமனுக்களையோ நிராகரிக்கக் கூடாது என்று சார்நிலை அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். மறுப்பதாயின், சட்டப்படி தங்களிடமே மேல்முறையீடு செய்ய ஏதுவாக, அதற்கான காரணத்தை அந்த அலுவலகம் எழுத்தில் தர ஆணையிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், முகாம் குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்