மருந்துக்குள் இருக்கும் மருந்தல்லாத பொருள்கள்: சாட்ஸ்வொர்த் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"மாத்திரையில் மாவும் பிசினும் எதற்கு? மருந்தை மட்டும் கொடுத்தால் போதாதா?" என்று கடையில் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தைராய்டுக்காகக் காலையில் போடும் 50 மைக்ரோகிராம் மாத்திரையைப் பாருங்கள். அதிலுள்ள மருந்தைத் தனியே பிரித்தால் தூள் உப்பில் ஒரு பரல் அளவுதான் தேறும். அதைக் கையால் எடுக்கவும் முடியாது, அளக்கவும் முடியாது. மீதியெல்லாம் துணைப்பொருள். லாக்டோஸும் செல்லுலோஸும் உருவம் தரும். ஸ்டார்ச் வயிற்றில் நீரை உறிஞ்சி மாத்திரையை உடைக்கும். மெக்னீசியம் ஸ்டியரேட் மாத்திரை அச்சில் ஒட்டாமல் காக்கும். அதையே அளவுக்கு மீறிச் சேர்த்தால் தூளைச் சுற்றி மெழுகு போலப் படிந்துவிடும், மாத்திரை கரையத் தாமதமாகும்.

துணைப்பொருள் மாறினால் மருந்தின் வேகமே மாறலாம். 1968-ல் ஆஸ்திரேலியாவில் வலிப்புக்கான ஃபெனிட்டோயின் கேப்சூலில் கால்சியம் சல்ஃபேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் சேர்த்தார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் உடம்பு அதை முன்னைவிட அதிகம் உறிஞ்சியதால் பலருக்குத் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வந்தன. வலிப்பு மருந்தில் கம்பெனி மாறினால் எங்களிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். 2003 முதல் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி விலை குறைந்த ஜெனரிக் மருந்து (அதே மருந்து, வேறு கம்பெனி தயாரிப்பு) இருப்பதை நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மருந்துகளில் அதை வாங்கிக்கொள்வதில் தயக்கமே வேண்டாம்.

அடுத்தது குழந்தைகளின் பாட்டில். நாம் சிரப் என்று அழைக்கும் பலவும் சிரப் அல்ல. கரையாத மருந்துத்தூள் மிதக்கும் கலங்கல். தூள் அடியில் போய்க் கல்லாக இறுகாமல் தாங்கிப் பிடிப்பது சாந்தன் கம் போன்ற பிசின். பாட்டில் சும்மா நிற்கும்போது அது கெட்டியாக இருக்கும். குலுக்கினால் இளகி ஊற்ற வரும். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள்களில் மருந்து குறைவாகவும், பாட்டில் தீரும் நேரத்தில் அதிகமாகவும் குழந்தையின் வாய்க்குப் போகும். 5 மில்லியில் 120 மில்லிகிராம் பாராசிட்டமால் என்ற கணக்கு நன்றாகக் குலுக்கிய பாட்டிலுக்கு மட்டுமே பொருந்தும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிரிஞ்சு கேளுங்கள், தருகிறோம்.

கிளாவுலனேட் சேர்ந்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் தூளைத் தண்ணீரில் கலக்கிய பின் ஃபிரிட்ஜில் வைத்தாலும் 7 நாள்தான் தாங்கும். 10 நாளுக்கு எழுதியிருந்தால் இரண்டாவது பாட்டிலைத் தூளாகவே தருவோம், வீட்டில் நீங்கள் கலக்க வேண்டியிருக்கும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மூடியைத் திறக்காமல் பாட்டிலை உள்ளங்கையில் தட்டித் தூளை உதிர்க்கவும். பாட்டிலில் உள்ள கோட்டுக்குப் பாதியளவு தண்ணீர் விட்டு உடனே குலுக்கவும். மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் ஊற்றிவிட்டு நின்றால், பிசின் வெளிப்புறத்தில் நனைந்து கூழ்த்தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே தூள் காய்ந்தே கிடக்கும். பாட்டிலைச் சாய்த்தால் மீன் கண் போல வெள்ளை உருண்டைகள் தெரியும். அந்த மருந்து குழந்தைக்குப் போகவே போகாது. சரியாகக் குலுக்கிய பிறகு நுரை அடங்கட்டும். நுரையைக் கோடாக எண்ணி நிறுத்திவிட்டால் தண்ணீர் குறைந்து மருந்தின் வீரியம் கூடிவிடும். நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்பி, மறுபடி குலுக்கி, தேதியை எழுதி ஒட்டுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள்: உறைந்து உருகிய கலங்கல் திரிந்துபோகும். லோட்ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

பாதிப்பு மருந்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. 1969-ல் கேப் டவுனில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் கலந்த மருந்தால் 7 குழந்தைகள் இறந்தார்கள். லேபிளும் பேட்ச் எண்ணும் இல்லாத திரவ மருந்தை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

பக்கவாதம் வந்து விழுங்கத் திணறும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். பானத்தைக் கெட்டியாக்கக் கலக்கும் பொடியில் இரண்டு வகை உண்டு: ஸ்டார்ச், சாந்தன் கம். ஸ்டார்ச் கலந்த பானம் எச்சில் பட்டால் இளகிவிடும். மலச்சிக்கலுக்குத் தரும் மேக்ரோகால் பொடியை அதனுடன் சேர்த்தால் தண்ணீர் போலாகிவிடும், அது மூச்சுக்குழாய்க்குள் இறங்க வாய்ப்புண்டு. மேக்ரோகால் எடுப்பவர்கள் எங்களிடம் சொல்லிவிட்டுப் பொடியை வாங்குங்கள். கெட்டி சரியாக வந்ததா என்று பார்க்க, 0 முதல் 10 வரை 61.5 மில்லிமீட்டர் நீளமுள்ள 10 மில்லி சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்துப் பானத்தை 10 வரை நிரப்புங்கள். விரலை எடுத்து 10 விநாடி விட்டு மறுபடி அடையுங்கள். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் முதல் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, 8-க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது சொட்டியிருந்தால் மூன்றாம் நிலை. எந்த நிலை வேண்டும் என்பதை விழுங்கும் பயிற்சி தருபவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையைப் பொடித்து அந்தக் கெட்டிப் பானத்தில் போடும் முன் எங்களைக் கேளுங்கள். பிசினுக்குள் சிக்கிய மருந்து மெதுவாகத்தான் வெளியேறும்.

சர்க்கரைக்கு நீண்டநேர மெட்ஃபார்மின் எடுப்பவர்களில் சிலர், மலத்தில் மாத்திரை அப்படியே வந்தது என்று கலங்குகிறார்கள். கலங்க வேண்டாம். அது கூழ்கட்டும் பிசினின் வெற்றுக்கூடு. மருந்து உடலில் சேர்ந்துவிட்டது. அந்த மாத்திரையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது: கூடு உடைந்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும்.

புரட்டாசி விரதமும் காவடி விரதமும் இருப்பவர்களுக்கு: பெரும்பாலான கேப்சூல்களின் ஓடு ஜெலட்டின், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. சில மருந்துகளுக்குத் தாவர செல்லுலோஸ் ஓடும், சிலவற்றுக்கு மாத்திரையும் கிடைக்கும். ஓட்டைப் பிரித்துத் தூளை மட்டும் நீங்களாகச் சாப்பிடாதீர்கள், மருந்தை நிறுத்தவும் செய்யாதீர்கள். விரதம் தொடங்க இரண்டு வாரம் முன்பே உங்கள் மருந்துச் சீட்டைக் கொண்டுவாருங்கள். மாற்று இருந்தால் மருத்துவரிடம் பேசி வரவழைத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக்கடையார்,
சாட்ஸ்வொர்த், டர்பன்