முதல் மழைக்குப் பிறகு மிட்செல் புல்லுக்கு அவகாசம் கொடுங்கள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில அரசின் நிலவள, வேளாண் துறையினருக்கு,

வணக்கம். லாங்ரீச், வின்டன், ஜூலியா கிரீக் பக்கம் வறட்சி வந்தால் தீவனம், தண்ணீர், கடன் என்று எல்லோரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் ஒரு நல்ல மழை பெய்ததுமே பேச்சு அடங்கிவிடுகிறது. அங்கே மாடுகள் மேயும் முக்கியமான புல்லான மிட்செல் புல்லுக்கு நெருக்கடி தொடங்குவதே அப்போதுதான்.

வறட்சியில் அந்தப் புல்லைப் பார்த்தால் செத்துவிட்டது என்றுதான் தோன்றும். சாம்பல் நிறத்தில் விறைத்துப்போன தாள்கள், சுற்றிலும் வெடித்துக் கிடக்கும் களிமண். தூரைப் பிரித்துப் பாருங்கள், அடியில் மொட்டு உயிரோடு இருக்கும். கோடை மழை இறங்கியதும் அங்கிருந்தும் பழைய தாளின் கணுக்களிலிருந்தும் பச்சை கிளம்பும். தன்னிடம் மிச்சமிருந்த சேமிப்பையெல்லாம் செலவழித்துத்தான் தூர் அந்தத் துளிரை விடுகிறது, அதை மாடு கடித்து, மறுபடி துளிர்த்ததையும் கடித்துவிட்டால், 20 வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய தூர் அதோடு போய்விடும். விதையிலிருந்து புதிதாக முளைக்கட்டும் என்று விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் நாற்று பிழைக்க ஈரம் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும், அங்கே எல்லாக் கோடையும் அப்படி அமைவதில்லை.

தூர் போன இடம் சும்மாவும் கிடக்காது. நிழலுக்கும் தீவனத்துக்கும் என்று 1890களில் கொண்டுவந்த இந்தியக் கருவேலம் இன்று உங்கள் மாநிலத்தில் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவியிருக்கிறது. மாடு நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதையையும் போடுகிறது. அந்த மரம் அடர்ந்த இடத்தில் புல் தலையெடுப்பது ரொம்பக் கஷ்டம். புல்லின் மறைவும் மண் வெடிப்பும்தான் ஜூலியா கிரீக் டன்னார்ட் என்ற சின்னஞ்சிறு பைப்பாலூட்டிக்கு வீடு, புல் போனால் அது பூனைக்கும் நரிக்கும் இரைதான்.

பண்ணைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது பச்சையைக் கண்டதும் மாட்டை உள்ளே விடாமல் யாரால் இருக்க முடியும்? அதனால்தான் கேட்கிறேன், வறட்சி உதவி மழையோடு நின்றுவிடக் கூடாது. முதல் மழைக்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரமாவது மாட்டை வேறு இடத்தில் வைத்திருக்கும் செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், கருவேலம் அழிக்கும் பணிக்கு வருஷா வருஷம் கையேந்த வைக்காமல் நீண்டகால நிதி ஒதுக்குங்கள், ஒரு வருஷம் விட்டாலே நாற்று மறுபடி கிளம்பிவிடும். இரண்டையும் அடுத்த கோடைக்கு முன்பே அறிவித்தால்தான் அவர்களால் திட்டம் போட முடியும்.

இப்படிக்கு,
புல்வெளி மேல் அக்கறையுள்ள ஒருவர்