ஒரு கண்ணாடிக் குற்றியும் நாற்பது மாணவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1980 முதல் இலவசப் பாடநூல் வழங்கும் நாட்டில், பாடத்திட்டம் முடியாவிட்டால் பழி ஆசிரியர் மீதே விழுகிறது. திருகோணமலை மாவட்டத்தின் கரையோரப் பாடசாலையொன்றில் தரம் 11 விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு, ஒளிமுறிவை (கண்ணாடி போன்ற பொருளினுள் சரிவாகப் புகும் ஒளி திசைமாறுவதை) விளக்கக் கிடைத்தது ஒரே ஒரு கண்ணாடிக் குற்றி. நாற்பது பிள்ளைகளும் முறைவைத்து ஊசி குத்திக் கதிர் வரைந்து முடிப்பதற்குள், ஒரு பாடவேளைக்குரிய வேலை மூன்று பாடவேளைகளை விழுங்கிவிட்டது. செய்து கற்கவேண்டும் என ஆசிரியர் வழிகாட்டி வலியுறுத்தினாலும், பொருளில்லாத இடத்தில் கரும்பலகைப் படமும் குறிப்பெழுதுவித்தலுமே மிஞ்சுகின்றன (வெண்கட்டியும் சிலவேளை என் கைக்காசில்தான்). தவணை தொடங்குமுன் ஆய்வுகூட இருப்பைக் கணக்கெடுத்து, அயற்பாடசாலைகள் சாதனங்களை மாறிமாறிப் பயன்படுத்த அதிகாரிகள் ஒழுங்குசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை,
திருகோணமலை.